மலையேறிய ரோடு இஞ்சின்

என் மாமா கொளஞ்சியப்பன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பயணம் போனார். கச்சிராயபாளையத்தில் கிளம்பிக் கல்வராயன் மலைமேல் போய் நின்றார், அவ்வளவுதான். இப்போது பஸ்ஸில் ஏறி ஒரு குட்டித் தூக்கம் போட்டால் வந்துவிடுகிற ஊர். அவருக்கு நாள்கணக்கில் ஆனது. இதைச் சொன்னால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். வேகமாகப் போவதைத் தவிர வேறெதையும் பெருமையாக நினைக்கத் தெரியாத ஜென்மங்கள். அவர்களிடம் வாய் வலிக்கச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன்.

மாமா ரோடு இஞ்சின் ஓட்டுபவர். ரோடு ரோலரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அவருடையது டீசலில் ஓடுவதல்ல, நீராவியில் ஓடுவது. பத்து டன் எடை. முன்னால் ஓர் இரும்பு உருளை, பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு இரும்புச் சக்கரங்கள், நடுவில் படுத்த வாக்கில் ஒரு பாய்லர், அதன்மேல் புகைபோக்கி, பக்கவாட்டில் ஓயாமல் சுற்றும் ஒரு பெரிய சக்கரம். விறகைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் அந்த ஆவி அத்தனை இரும்பையும் தள்ளிக்கொண்டு போகும். வெறும் தண்ணீர் இவ்வளவு பெரிய இரும்பை நகர்த்துகிறதே என்கிற ஆச்சரியம் மாமாவுக்குக் கடைசிவரை தீரவில்லை. அடுப்பில் உலை கொதித்து மூடி ஆடினால்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்.

ஆனால் அவருக்கு ஒரு குறை இருந்தது. கப்பிக்கல் பரப்பிய ரோட்டில் ஒரு கூப்பிடு தூரம் முன்னால் போவார். நிறுத்துவார். அதே தூரம் பின்னால் வருவார். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். கல் படிந்து இறுகும்வரை இதுதான் வேலை. சங்கராபுரம் ரோடு, திருக்கோவிலூர் ரோடு, தியாகதுருகம் ரோடு என்று அவர் இறுக்கிக் கொடுத்த ரோட்டில் ஊரே எங்கெங்கோ போனது. அவர் மட்டும் ஒரே புளியமரத்தை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குப் போனாலும் அது பக்கத்து மைல்கல்லில்தான் இருக்கும்.

"ஒரு மரத்த ஒரு தபாதான் பாக்கணும். அது பின்னால போயிடணும், அடுத்த மரம் வரணும். அப்பிடி ஒரு நாளு ஓட்டணும்" என்பார்.

தூக்கத்தில் அப்படித்தான் கனவு வருமாம். நீளமாக ஒரு ரோடு. இரண்டு பக்கமும் மரங்கள் வந்து வந்து போகும். இஞ்சின் சத்தமே போடாது. எதிரில் மலை நீலமாக நிற்கும், நெருங்க நெருங்கப் பச்சையாக மாறும். அடிவாரத்துக்கு வந்ததும் விழிப்பு வந்துவிடும். எழுந்து வெளியே போய் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார். எங்கள் பக்கத்தில் வானம் தெளிந்த நாளில் எந்த ரோட்டில் நின்றாலும் மேற்கே கல்வராயன் மலை தெரியும். வேலை நேரத்திலும் அவர் கண் அங்கேதான் போகும்.

அவர் மனைவி ராஜாம்பாள் என் அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. அத்தைக்கு வேறு கனவு. அவர்கள் குடித்தனம் ரோட்டோரக் கூடாரத்தில்தான். எங்கே கூடாரம் போட்டாலும் அத்தை முதல் வேலையாக ஒரு சுரை விதையை ஊன்றிவிடுவாள். கொடி ஓடும், பூ வைக்கும், பிஞ்சு இறங்குகிற சமயம் பார்த்து அந்த ரோட்டு வேலை முடிந்து இஞ்சின் நகர்ந்துவிடும். தான் போட்ட கொடியில் ஒரு காய் பறித்து அவள் குழம்பு வைத்ததில்லை.

"நா வெச்சத எவளோ பறிச்சித் தின்றா" என்று சொல்லும்போது அத்தைக்குக் கண் கலங்கிவிடும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் வெறும் சுரைக்காய்தானே என்று யாரும் அதைக் கேலி செய்ய மாட்டோம்.

இஞ்சினின் நெற்றியில் பித்தளையில் ஒரு குதிரை உண்டு. முன்னங்கால் இரண்டையும் தூக்கிக்கொண்டு நிற்கும். சீமையில் அதைச் செய்தவர்கள் தங்கள் கம்பெனி அடையாளமாக வைத்தது. எங்கள் பெண்களுக்கு அதெல்லாம் தெரியுமா? ஊர் எல்லையில் குதிரை நின்றால் அது ஐயனார் குதிரைதான். இஞ்சின் எந்த ஊரில் நின்றாலும் காலையில் வந்து குதிரைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டுப் போவார்கள். மாமா ஆரம்பத்தில் தடுத்துப் பார்த்தார்.

"யம்மா, இது கம்பெனிக் குதிரம்மா" என்றார்.

"ஐயனாரு கம்பெனி வெச்சா உனுக்கு இன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். அன்றோடு விட்டுவிட்டார்.

அதிலிருந்து இன்னொரு வழக்கமும் வந்தது. ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் அதைக் குளிப்பாட்ட இஞ்சினிலிருந்து சுடுதண்ணீர் வாங்கிப் போவார்கள். ஐயனார் குதிரை காய்ச்சிய தண்ணீரில் குளித்த பிள்ளையைக் காத்து கருப்பு அண்டாது என்று நம்பிக்கை. சாயங்காலம் வேலை முடிந்ததும் பச்சமுத்து பாய்லரின் அடிக்குழாயைத் திறந்து குடத்தில் பிடித்துக் கொடுப்பார். பச்சமுத்து மாமாவோடு இருந்த ஃபயர்மேன், விறகு போடுகிறவர், வாயைத் திறக்காத மனுஷர். நான் பிறந்தபோது இஞ்சின் எங்கள் ஊரில் நின்றதால் என் அம்மா கண்ணகி என்னையும் அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டினாளாம். கொஞ்சம் துரு வாசம் அடித்ததாம். என் கோபத்துக்கு அதுதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்ததும் சாலை மறியல் தொடங்கியது. இட ஒதுக்கீட்டில் தனிப் பங்கு வேண்டும் என்று வன்னியர்கள் ஒரு வாரத்துக்கு வட மாவட்டங்கள் முழுக்க ரோட்டை அடைத்தார்கள். நாங்களும் அந்தச் சாதிதான். என் அப்பா ஆதிமூலம் ஊர் இளவட்டங்களோடு கோடாலியை எடுத்துக்கொண்டு போனார். நிலமும் இல்லாமல் படிப்பும் இல்லாமல் கூலிக்குப் போகிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய, அதனால் அவர் போனதில் நியாயம் இருந்தது. அந்த வாரத்தில் பல ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின, எரியக் கூடாத குடிசைகளும் எரிந்தன. அதை நான் மறைக்கவில்லை. நான் சொல்ல வந்தது அதே வாரத்தில் எங்கள் ரோட்டில் நடந்ததை மட்டும்.

அப்போது மலைமேல் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு புது ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். மலை ஜனங்களே கல் உடைத்துப் பரப்பி முடித்துவிட்டார்கள். உருட்டி இறுக்குவதுதான் பாக்கி. அதற்கு வரவேண்டிய டீசல் ரோலர் உளுந்தூர்பேட்டையில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. மலையில் மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது. ஒரு நல்ல மழை பிடித்தால் அவ்வளவு கல்லும் பள்ளத்தில் போய் விழும், இன்னும் ஒரு வருஷத்துக்கு அந்த ஜனங்கள் நோயாளியைத் தொட்டில் கட்டித்தான் தூக்கி வரவேண்டும். அந்த வேலையைப் பார்த்த ஓவர்சீயர் சுபாஷ் பஸ் இல்லாமல் நடந்தே மாமாவின் கூடாரத்துக்கு வந்தார். கச்சிராயபாளையத்துக்கு வெளியே இஞ்சின் சும்மா நின்றுகொண்டிருந்தது.

"கொளஞ்சியப்பன், உங்க இஞ்சினு மலை ஏறுமா?" என்று கேட்டார்.

மாமா மேற்கே பார்த்தார். தூக்கத்தில் இருக்கிறோமோ என்று சந்தேகம் வந்து தொடையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டாராம்.

"ஏறும் சார். மொள்ள ஏறும்."

"சரி, ஏத்துங்க. எறக்கறதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் சுபாஷ். மாமாவுக்கு முதல் வார்த்தைதான் காதில் விழுந்தது.

அத்தையை யாரும் கேட்கவில்லை. கூடாரத்துக்குப் பின்னால் கொடியில் அப்போதுதான் பிஞ்சு இறங்கியிருந்தது. அத்தை அதைத் தடவிப் பார்த்தாள். பிறகு விதை முடிச்சை இடுப்பில் சொருகிக்கொண்டு பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தாள்.

விடியற்காலையில் பச்சமுத்து நெருப்பு மூட்டினார். ஆவி கட்டி இஞ்சின் நகரும்போது வெயில் வந்துவிட்டது. அன்றைய ரோட்டைப் பற்றி மாமா எத்தனையோ தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பஸ் இல்லை, லாரி இல்லை, ஒரு சைக்கிள் மணிச் சத்தம்கூட இல்லை. ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள். ஆடுகள் நடுரோட்டில் படுத்து அசைபோட்டன, இஞ்சினைப் பார்த்து எழுந்திருக்கவும் யோசித்தன. மயில் ஒன்று கொஞ்ச தூரம் முன்னால் நடந்து வந்தது. இரண்டு பக்கமும் புளியமரங்கள் வந்தன, பக்கத்தில் வந்தன, பின்னால் போயின. போனவை திரும்பி வரவில்லை. மாமா ஒவ்வொரு மரத்தையும் ஒரு தடவை பார்த்தார். அத்தை பின்னால் நடந்து வந்தாள், தோளில் ஒரு மரக்கட்டை. இஞ்சின் நின்றால் சக்கரத்துக்கு அணை கொடுக்கிற கட்டை அது. மாமா அழுதுகொண்டே ஓட்டியதை அவள் பார்த்தாளாம், கேட்கவில்லையாம்.

கோமுகி அணைக்குப் பிரிகிற இடத்துக்கு முன்னால், எங்கள் ஊரை ஒட்டி, ஒரு புளியமரம் ரோட்டின் குறுக்கே கிடந்தது. அதன்மேல் என் அப்பா உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஊர் ஆட்கள்.

"மாமா, இன்னா இது? வண்டி எதுவும் ஓடக் கூடாதுன்னு முடிவு பண்ணிகீறோம்" என்றார் அப்பா.

"நா டவுனுக்குப் போவல மச்சான். மலைக்குப் போய்க்கினு இருக்கேன். மேல ரோடு கெடக்குது, மழ வந்தா பூடும்."

"எங்க போனா இன்னா, வண்டி வண்டிதான்."

"தம்பி, வழிய வுடு" என்றாள் அத்தை.

"அக்கா, உனுக்காவ வுட்டா அப்பால எல்லாரும் கேப்பான். நா மட்டும் சொல்லி ஆவற காரியமா இது?"

அப்பா சொன்னதில் தப்பில்லை. ஊர் கூடி எடுத்த முடிவை மாமன் மச்சான் என்று மாற்றினால் ஊர் காறித் துப்பும். ஆனால் மாமாவால் திரும்ப முடியாது. காலையிலிருந்து ஒரு மரத்தையும் அவர் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. இப்போது திரும்பச் சொன்னால் அத்தனை மரங்களையும் மறுபடி பார்க்கவேண்டும். இந்த வாய்ப்பு இனிமேல் வராது என்று அவருக்குத் தெரியும். கைப்பிடிச் சக்கரத்தின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். பச்சமுத்து விறகு போடுவதை நிறுத்தினார்.

அதற்குள் எங்கள் தெருவிலிருந்து பெண்கள் வந்துவிட்டார்கள், கையில் மஞ்சளோடு. என் அம்மா இடுப்பில் என்னோடு வந்தாள். அவர்கள் மறியலையும் பார்க்கவில்லை, மரத்தையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் குதிரைக்கு மஞ்சள் பூசினார்கள். கிழக்கே போகிற குதிரையைத்தான் அவர்கள் பார்த்திருக்கிறார்கள், இன்று அது மலையைப் பார்த்து நின்றது. ஐயனார் மலைக்கு வேட்டைக்குக் கிளம்பிவிட்டார் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார்கள்.

"ஐயனாரு வேட்டைக்குப் போறாரு. குறுக்கால குந்திகினு இருக்கியே, எழுந்திரு" என்றாள் அம்மா அப்பாவிடம்.

"அது இஞ்சினுடி."

"உம் பொண்ண எதுல குளிப்பாட்டுனோம்? அப்ப மட்டும் ஐயனாரு, இப்ப இஞ்சினா?"

மரத்தின்மேல் இருந்த ஆட்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அநேகமாக எல்லார் வீட்டிலும் அந்தத் தண்ணீரில் குளித்த பிள்ளை ஒன்று இருந்தது. சாமி என்றும் ஒப்புக்கொள்ள முடியவில்லை, இல்லை என்று சொல்லவும் பயம். மாமா தலையைத் தூக்கினார்.

"மச்சான், மரத்த நா எடுக்கல. கொஞ்சம் நவுத்திக்கறேன். அந்தாண்ட போனதும் எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே வெச்சிட்டுப் போறேன். உங்க மறியலுக்கு ஒண்ணும் வராது."

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. ஊருக்கும் பிடித்திருந்தது. மரத்தின் நுனிப் பக்கம் சங்கிலியைக் கட்டினார்கள். இஞ்சின் புகையைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தது. இருபது ஆள் தள்ளினாலும் அசையாத மரம் ரோட்டைப் பெருக்கிக்கொண்டே திரும்பி ஓரமாகப் படுத்தது, ஒரு கிளை முறியவில்லை. இஞ்சின் அந்தப் பக்கம் போனது. மறுபடி சங்கிலி கட்டி முன்னால் இழுத்தார். மரம் பழையபடி குறுக்கே வந்தது.

"இன்னும் ஒரு மொழம் மாமா. சந்துல சைக்கிள் போவும் போல கீது" என்றார் அப்பா.

மாமா இன்னும் ஒரு முழம் இழுத்துக் கொடுத்தார். அப்பா மறுபடி மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெண்கள் கொண்டுவந்த குடங்களிலிருந்து பாய்லருக்குத் தண்ணீர் நிரப்பினார்கள். மலைக்குப் போகிற வழியில் மாமா இஞ்சினைப் பின்னால் ஓட்டியது அந்த ஓர் இடத்தில் மட்டும்தான்.

அணையைத் தாண்டினால் ஏற்றம். பின்சக்கரங்களில் துளைகள் உண்டு, அவற்றில் இரும்பு முளைகளைச் செருகினார்கள், பாறையில் வழுக்காமல் இருக்க. மாமா அடிக்கடி சொல்வார், இஞ்சினுக்கு மேட்டில் ஏறப் பிடிக்கும் என்று. மேலே பார்த்து ஏறும்போது பாய்லரின் தண்ணீர் பின்னால், விறகு எரிகிற நெருப்புப் பெட்டி பக்கம் வந்து நிற்கும், நன்றாகக் கொதிக்கும். மூங்கில் காட்டுக்குள் அது மூச்சு விட்ட சத்தம் ஒவ்வொரு மலை மடிப்பிலும் போய்த் திரும்பி வந்தது. ஒரு இஞ்சின் ஏற, நாலைந்து இஞ்சின்கள் தூரத்தில் ஏறுகிற மாதிரி கேட்டதாம். புகை எது, மேகம் எது என்று தெரியவில்லை. ஓடை வருகிற இடங்களில் நிறுத்தித் தண்ணீர் எடுத்தார்கள். இருட்டும் முன்பே கட்டை கொடுத்து நிறுத்திவிட்டு, இஞ்சினின் சூட்டில் குளிர்காய்ந்துகொண்டு படுத்தார்கள். அந்த இரவுகளில் மாமாவுக்குக் கனவு வரவில்லை.

ஒரு கொண்டை ஊசி வளைவில் மட்டும் உயிர் போய் வந்தது. மூடுபனியில் நனைந்த விறகு சரியாக எரியவில்லை, ஆவி இறங்கிவிட்டது. பாதி வளைவில் இஞ்சின் நின்றது. நின்றது மட்டுமல்ல, மெல்லப் பின்னால் நழுவ ஆரம்பித்தது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மாமா பிரேக்கைத் திருகினார், பிடிக்கவில்லை. அத்தை கட்டையோடு ஓடிவந்து சக்கரத்துக்கு அடியில் செருகினாள். கட்டையை இழுத்துக்கொண்டே சக்கரம் வந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

"பின்னால வராத" என்றாள். மாமாவிடம் சொன்னாளா, இஞ்சினிடம் சொன்னாளா, அவளுக்கே தெரியாது. "நானும் எவ்ளோ நாளு பின்னால வந்துட்டேன், போதும், வராத."

கட்டை ஒரு கல்லில் முட்டியது. இஞ்சின் நின்றது. பச்சமுத்து தன் வேட்டியை அவிழ்த்து நெருப்பில் போட்டார், தலைத்துண்டைப் போட்டார், அத்தை பாத்திரம் கட்டியிருந்த கோணியைப் போட்டார். ஆவி ஏறியது. கோவணத்தோடு நின்ற பச்சமுத்துவும், உள்ளங்கை கிழிந்த அத்தையும், கைப்பிடியை விடாத மாமாவும் அந்த வளைவைக் கடந்து மேலே போனார்கள். மாமா அதற்குப் பிறகு அத்தையை இஞ்சின்மேல் ஏற்றிப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அதுவரை அவளை அவர் ஏற்றியதே இல்லை.

மேலே போனபோது மேகம் விலகியிருந்தது. கீழே கோமுகி அணைத் தண்ணீர் ஒரு கைக்குட்டை அளவுக்குத் தெரிந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் முழுக்க வயல்களாக விரிந்து கிடந்தது. மாமா வாழ்நாள் முழுக்க முன்னும் பின்னும் போன ரோடுகள் எல்லாம் அதில் எங்கோ நூல் மாதிரி இருந்தன. மலை ஜனங்கள் கொட்டு மேளத்தோடு வந்து நின்றார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே அங்கேயும் பெண்கள் குதிரையைத்தான் முதலில் பார்த்தார்கள்.

மழைக்கு முன்னால் ரோட்டை உருட்டி முடித்தார். அங்கேயும் முன்னால் போய்ப் பின்னால் வருகிற வேலைதான், ஆனால் மாமா பாடிக்கொண்டே செய்தாராம். மழை வந்தது, கொட்டியது. ஒரு கல் நகரவில்லை.

பிறகு மறியல் முடிந்து பஸ்கள் ஓடின. உளுந்தூர்பேட்டையில் நின்ற டீசல் ரோலர் லாரியில் ஏறி மலைக்கு வந்து சேர்ந்தது. சுபாஷ் வந்தார்.

"கொளஞ்சியப்பன், நீங்க எறங்கலாம். ஆனா மூஞ்சியக் கீழ வெச்சு எறங்காதீங்க. தண்ணியெல்லாம் முன்னால ஓடிடும், நெருப்புப் பெட்டி காஞ்சு வெடிச்சிடும். ரிவர்ஸ்லயே எறக்குங்க. மெதுவா, அடிவாரம் வரைக்கும் பின்னாலயே."

மாமா தலையை ஆட்டினார். மறுநாள் மூடுபனி ஜாஸ்தி என்றார். அதற்கு மறுநாள் விறகு ஈரம் என்றார். பிறகு குழாயில் ஒழுகல், பச்சமுத்துக்குக் காய்ச்சல், அமாவாசை, அஷ்டமி. பச்சமுத்து நன்றாகத்தான் இருந்தார். சுபாஷ் வரும்போதெல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துக்கொள்வார். வாயைத் திறக்காத மனுஷர் முனகுவதில் கெட்டிக்காரராக இருந்தார். இப்படியே ஐப்பசி போய்க் கார்த்திகை போய் மார்கழி வந்தது.

ஒரு மத்தியானம் சுபாஷ் கோபமாகவே வந்தார். மேலதிகாரி அவரைக் காய்ச்சி எடுத்திருந்தார். அத்தை அவரை உட்காரச் சொல்லி இலை போட்டாள். சோறு வைத்துச் சுரைக்காய்க் கூட்டு வைத்தாள். வைத்துவிட்டு இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாம்மா பாக்கறீங்க?"

"சாப்புடுங்க சார். நா வெச்ச கொடியில நா பறிச்ச மொதக் காயி."

சுபாஷ் சாப்பிட்டார். கூடாரம் இருந்த இடத்தில் மூங்கில் தட்டியில் மண் பூசி ஒரு வீடு வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார். வாசலில் ஒரு பலாக்கன்றுக்கு முள்வேலி போட்டிருந்தது. மாமா கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இனிமேல் பொய் சொல்ல அவரால் முடியவில்லை.

"சார், என்னிய வேலைய வுட்டுத் தூக்கினாலும் சரி. ஒரே ஒரு தபா நேராப் போனேன் சார். அத்த நானே பின்னால வந்து அழிக்க மாட்டேன்."

சுபாஷ் கையைக் கழுவிக்கொண்டு இஞ்சினைச் சுற்றி வந்தார். குதிரைக்குப் பூசிய மஞ்சள் அவர் விரலில் ஒட்டியது. மலைமேல் இன்னும் போட வேண்டிய ரோடு நிறைய இருக்கிறது, மலைக்கென்று ஓர் இஞ்சின் இருந்தால் நல்லதுதானே என்று யாரோ கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னார். கீழே போய் யாரிடம் என்ன பேசினாரோ தெரியாது. இறக்கச் சொல்லி அதற்கப்புறம் யாரும் வரவில்லை.

இஞ்சின் அங்கேயே நின்றது. கல்வராயன் மலையில் பழைய ரோடு எதில் போனாலும் அது மாமா உருட்டியதுதான். ஓய்வு பெற்ற பிறகும் ஆயுத பூஜைக்கு நெருப்பு மூட்டி ஒரு விசில் கொடுப்பார். மலை முழுக்கக் கேட்கும். ஊரில் கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் அத்தைதான் பஸ்ஸில் இறங்கி வருவாள், பையில் சுரைக்காயோடு. மாமா வர மாட்டார். மலையிலிருந்து அவர் ஒரு தடவைகூட இறங்கவில்லை. நாங்கள் போனால் வாசலில் பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"ஒரு மரத்த ஒரு தபாதான் பாக்கணும்னு சொல்வீங்களே மாமா, இப்ப ஒரே மரத்தயே பாத்துக்கினு இருக்கீங்க" என்று கேட்டேன்.

"இத்த யாரும் என்னப் பாக்க வெக்கல. நானா பாக்கறேன்" என்றார்.

போன தை மாதம் மாமா தூக்கத்தில் போய்விட்டார். செய்தி வந்ததும் அப்பா ஒரு வேனை ஏற்பாடு செய்துகொண்டு கிளம்பினார். மாமாவின் பங்காளிகள் கூடி, கீழே எங்கள் ஊர்ச் சுடுகாட்டில்தான் எரிக்க வேண்டும் என்று பேசியிருந்தார்கள். அதுதான் முறை. அம்மாவும் நானும் கூடப் போனோம்.

அத்தை அழுது முடித்திருந்தாள். அப்பா விஷயத்தைச் சொன்னார்.

"மறியல்ல நீதான் மறிச்ச. அப்பவே அவரு பின்னால வரல" என்றாள் அத்தை. "இப்பவும் வர மாட்டாரு தம்பி. வண்டிய அனுப்பிடு."

அப்பா எழுந்து போய் வேன் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வேன் போய்விட்டது. திரும்பி வந்தவர் இஞ்சினின் உருளைமேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். எனக்கு அப்பாமேல் அன்றைக்கு வந்த பிரியம் அதற்கு முன் வந்ததில்லை.

பச்சமுத்துவுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆனாலும் விறகை அவர்தான் அடுக்கினார், நெருப்பை அவர்தான் வைத்தார். ஆவி கட்டும் அளவுக்கு இல்லை, தண்ணீர் சுடும் அளவுக்கு. புகைபோக்கியில் புகை எழுந்ததைப் பார்த்துவிட்டு மலையில் நாலு திசையிலிருந்தும் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேரைப் பிறந்தபோது அந்தத் தண்ணீரில்தான் குளிப்பாட்டியிருப்பார்கள். பச்சமுத்து அடிக்குழாயைத் திறந்தார். துரு வாசத்தோடு வெந்நீர் வந்தது.

மாமாவைப் பலாமரத்தடியில் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். முதல் குடத்தைத் தூக்கிப் போன என் அம்மா, ஊற்றும் முன் நின்று, புறங்கையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் பச்சத் தண்ணி ஊத்துங்க" என்றாள். "சூடு ஜாஸ்தியா கீது."